முதல் பந்தியில் யார்? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை கோயிலில் எல்லோரும் சேர்ந்து செய்கிற காரியங்களைப் பற்றியே கேட்கின்றன. அசனம் (கோயில் பண்டிகையில் எல்லோருக்கும் பந்தி போடும் சாப்பாடு), ஞானஸ்நானம், கல்யாணம், திருவிருந்து, அடக்கம் எல்லாம் வந்திருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளிலிருந்தும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். அவரவர் புழங்குகிற சொல்லிலேயே பதில் தந்திருக்கிறோம்: ஒருவர் ஞானஸ்நானம், திருவிருந்து என்பதை இன்னொருவர் திருமுழுக்கு, நற்கருணை என்பார்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் சில வருடங்களாக அசனச் சமையலை கேட்டரிங்காரரிடம் விட்டிருந்தோம். இந்தப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு (ஆலயம் அர்ப்பணித்த நாள்) நாமே சமைப்போம் என்று வாலிபர் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. ஆயிரம் பேர் எதிர்பார்க்கிறோம். பெரிய அண்டாவில் சமைத்துப் பழகியவர்கள் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். எதை எவ்வளவு வாங்க வேண்டும்? எங்கே சொதப்பும்? – நாசரேத் பக்கத்து வாசகர்

பதில்: நல்ல முடிவு. கணக்கை முதலில் பார்ப்போம்.

கல்யாண வீட்டில் ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று போடுவார்கள். அங்கே கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் என்று இலை நிறைந்துவிடும். அசனத்தில் சோறும் கறிக்குழம்பும்தான். இரண்டாம் முறை சோறு கேட்காதவர் குறைவு. அதனால் ஆயிரம் பேருக்கு 130 கிலோ அரிசி வாங்குங்கள். வீட்டுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிற வழக்கம் இருந்தால் 150 கிலோ. ஆட்டுக்கறி எலும்போடு 100 கிலோ. உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் சேர்த்து 40 கிலோ, சின்ன வெங்காயம் 25 கிலோ, தக்காளி 20 கிலோ, தேங்காய் 60, எண்ணெய் 15 லிட்டர். ஆளுக்குக் கால் லிட்டர் குழம்பு என்று வைத்தால் 250 லிட்டர் வரும். அதற்கு உப்பு இரண்டரை கிலோவில் தொடங்கி, கடைசியில் ருசி பார்த்துக் கூட்டுங்கள். வாழை இலை 1,100. குறைந்தது நூறு இலை கிழிந்து வரும்.

தண்ணீரைத்தான் எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள். வடித்த சோற்றுக்குக் கிலோவுக்கு நான்கு லிட்டர் உலை வேண்டும். 130 கிலோவுக்கு 500 லிட்டருக்கு மேலே போய்விடும். குடிக்க ஆயிரம் லிட்டர், கை கழுவவும் பாத்திரம் கழுவவும் இரண்டாயிரம். டேங்கரை விடியற்காலையே நிறுத்திவிடுங்கள். பந்தி ஓடும்போது லாரி உள்ளே வர வழியிருக்காது.

சோற்றை ஒரே மூச்சில் பொங்காதீர்கள். 25 கிலோ பிடிக்கும் அண்டாவில் ஒரு ஈடு என்று ஐந்தாறு ஈடாகப் போகட்டும். ஆராதனை முடிவதற்குள் மூன்று ஈடு தயாராக இருந்தால் போதும். மீதி பந்தி நடக்கும்போதே வேகட்டும். வடித்த சோற்றைப் பாய் விரித்து, அதன்மேல் வெந்நீரில் அலசிக் காயவைத்த வெள்ளைத் துணி போட்டுத்தான் கொட்டுவார்கள். அங்கேதான் முதல் தவறு நடக்கும். ஒரு சாண் உயரத்துக்குமேல் குவித்தால் அடிச்சோற்றில் ஆவி வெளியேறாமல் நின்று குழைந்துவிடும். வெதுவெதுப்பாகவே நான்கு மணி நேரம் கிடந்தால் கெட்டே போகும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் இன்னும் சீக்கிரம்.

கறியை முந்தின ராத்திரியே வெட்டி வைக்கிறவர்கள் உண்டு. ஐஸ் இல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வெட்டச் சொல்லி, நேரே அண்டாவுக்குப் போகட்டும். கறி முக்கால் பதம் வெந்தபிறகுதான் கிழங்கு. முதலிலேயே போட்டால் கிழங்கு கரைந்து குழம்பு களியாகும். உப்புப் போடுகிற பொறுப்பு ஒரே ஆளுடையது. மூன்று மாமாக்கள் ஆளுக்கொரு கை போட்ட குழம்பை எந்த ஜெபமும் திருத்தாது.

அடுத்த சிக்கல் பந்தி. ஒரு பந்திக்கு 200 பேர், அரை மணி நேரம் என்றால் ஐந்து பந்தி, இரண்டரை மணி நேரம். முதல் இரண்டு பந்தியில் கறித்துண்டெல்லாம் போய், கடைசிப் பந்திக்கு வெறும் குழம்பு மிஞ்சுவது பல ஊர்களில் பழகிப்போன சங்கதி. கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று யோசித்துப் பாருங்கள்: பரிமாறியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், தூரத்துத் தெருக்காரர்கள். தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. கடைசிப் பந்திக்கான குழம்பைத் தனி அண்டாவில் வைத்து, நான்காம் பந்தி எழும்வரை மூடியைத் திறக்காதீர்கள். மற்ற அண்டாக்களில் அடியிலிருந்து கிளறிக் கிளறி மோக்கிற ஒரே ஒரு அகப்பைக்காரரை நிறுத்துங்கள். முதல் பந்தி குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அழைத்து வந்த வேற்று மதத்து அக்கம்பக்கத்தாருக்கும். கமிட்டியார் கடைசியில்.

கோயிலுக்கென்று வீடுகளில் எடுத்துவைக்கும் பிடி அரிசியைப் பயன்படுத்தலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கைப்பிடி சுமார் 50 கிராம்; தினமும் ஒரு பிடி எடுத்துவைத்தால் நூறு வீட்டில் ஒரு மாதத்தில் 150 கிலோ சேரும். அசனத்துக்குச் சரியான கணக்குதான். ஆனால் ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்து வரும்; ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கரிசியாக நிற்கும். அந்த ஒரு மாதம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே ரகத்தைப் போடச் சொல்லி அறிவியுங்கள். முடியாவிட்டால் சேர்ந்ததை ஏலம் விட்டு, வரும் பணத்தில் ஒரே அரிசியாக வாங்குங்கள்.

கேட்டரிங்காரர் சமைத்தாலும் வயிறு நிறையும், ருசியும் குறையாது. ஆனால் 25 கிலோ சின்ன வெங்காயத்தை முந்தின நாள் ராத்திரி நாற்பது பேர் உட்கார்ந்து உரிக்க வேண்டிய அவசியம் அங்கே கிடையாது. வருடக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே கூடைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ‘அந்தக் கத்தியைக் கொடுங்க மதினி’ என்று சொல்லியாக வேண்டிய இடம் அது. சடங்கு ஊரைச் சேர்க்கிறது என்றால், இதுமாதிரி வேலைகளில்தான் சேர்க்கிறது. ஆகவே வெங்காயத்தை உரித்ததாக வாங்கி நேரத்தை மிச்சப்படுத்தலாமே என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: அசனம் என்பது சாப்பாடு. திருவிருந்து என்பது சாக்கிரமெந்து, புனிதச் சடங்கு. இரண்டையும் சேர்த்துப் பேசுவது சரியா? – மதுரை வாசகர்

பதில்: தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்வதே ஒரு சாப்பாட்டுத் தகராறைத்தான். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், உழைத்து அலுத்துத் தாமதமாக வருகிறவர் பட்டினியாய் நிற்கிறார். இதை எப்படிக் கர்த்தருடைய பந்தி என்று சொல்வது என்று கேட்கிறார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான் அவர் சொன்ன பரிகாரம். கி.பி. 150களில் ரோமில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிவைத்த வழிபாட்டு விவரத்தில் வாசகம், பிரசங்கம், ஜெபம், முத்தம், அப்பமும் பாத்திரமும், வராதவர் வீட்டுக்கு டீக்கன்மார் (திருத்தொண்டர்கள்) கொண்டுபோவது, ஏழைகளுக்கான காணிக்கை எல்லாம் இருக்கிறது. முழுச் சாப்பாடு இல்லை. அதற்குள் பிரிந்துவிட்டது என்று தெரிகிறது.

நம் ஊரில் இரண்டும் மறுபடி மோதிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில். தரங்கம்பாடியில் 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கியதிலிருந்து வளர்ந்த லுத்தரன் சபைகளில் சாதிவாரியாக உட்காருவதும், திருவிருந்துக்கு முன்னும் பின்னுமாக வருவதும் நூறு வருடத்துக்குமேல் நீடித்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் இதை உடனே, அடியோடு விடவேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் இன்னொரு வழியைப் பிடித்தது: உபதேசிமார் (மிஷன் சம்பளத்தில் இருந்த சபை ஊழியர்கள்) எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் சமைத்த உணவைச் சாப்பிட வேண்டும். மறுத்தவர்களுக்கு வேலை போனது.

கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கிறவர் உண்டு, சோற்றில் அது முடியாது என்பதை மிஷனரிகள் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் பந்தியைப் பரீட்சையாக்கியதும் நல்லதாகப் படவில்லை. சம்பளம் போய்விடும் என்று சாப்பிட்டவருடைய மனசில் என்ன மாறியிருக்கும்? உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: சட்டப்படி இரண்டும் வேறு வேறு. ஒன்றில் பொய் சொன்னால் மற்றதில் தெரிந்துவிடும்.

கேள்வி: ‘ஒரே அப்பம், ஒரே உடல்’ என்று வாராவாரம் கேட்கிறோம். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் இரண்டு பக்கம். தேர் எங்கள் தெருவுக்கு வராது. சேர்ந்து செய்யும் சடங்கு மக்களை இணைக்கிறது என்று எந்த முகத்தோடு எழுதுகிறீர்கள்? – பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயம். இணைக்கிற அதே சடங்குதான் பிரிக்கவும் செய்யும். யார் முன்னால், யார் பின்னால், யார் வெளியே என்பதை எல்லோர் கண்முன்னும் நடித்துக் காட்டுகிற வேறு இடம் ஊரில் ஏது?

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயில் இதற்குக் கல்லால் ஆன சாட்சி. சாதிக்கு ஒன்றாக இரண்டு நீளக் கூடங்கள், இரண்டும் பீடத்தில் வந்து சேரும்படி அமைப்பு. ஒரு கூடத்தில் இருப்பவருக்குப் பீடம் தெரியும், குருவானவர் தெரிவார், மறு கூடத்தில் முழங்காலில் நிற்கிறவர் தெரியமாட்டார். 1910 வாக்கில் பிரிவினைச் சுவரைக் குருக்கள் இடித்தபோது, எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று ஒரு தரப்பார் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1917இல் அந்த உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டத்தில் அப்போதே முடிந்த விஷயம் பல ஊர்க் கல்லறையில் இன்னும் முடியவில்லை.

என்ன செய்யலாம்? ஒற்றுமை பற்றிப் பிரசங்கம் வைப்பதில் பெரிய பலன் கிடையாது. பிரிவு எந்த ஏற்பாட்டில் ஒளிந்திருக்கிறதோ அந்த ஏற்பாட்டைத் தொட வேண்டும். பங்குப் பேரவையில் தீர்மானமாக எழுதி, பங்குக்குரு கையெழுத்துப் போட்டு, மறைமாவட்டத்துக்கு (ஆயர் அலுவலகத்துக்கு) நகல் போக வேண்டும்.

முதலில் திருவிழா வரி. எல்லாக் குடும்பத்திடமும் ஒரே தொகை, ஒரே ரசீதுப் புத்தகம். ‘அவங்ககிட்ட வாங்குறதில்லை’ என்பது சலுகை மாதிரித் தெரியும். வரி கட்டாதவனுக்குத் திருவிழாவில் பேச்சுரிமை கிடையாது என்று பிறகு அதைத்தான் சொல்லுவார்கள். இரண்டாவது, நவநாள் (திருவிழாவை ஒட்டிய ஒன்பது நாள் வழிபாடு) உபயங்களைத் தெருவாரியாகக் கொடுக்காமல் அன்பியவாரியாகக் கொடுப்பது. அன்பியம் என்றால் 25, 30 வீடுகள் சேர்ந்த சிறு குழு. அதைப் பிரிக்கும்போதே தெரு எல்லையை வெட்டிக்கொண்டு போகிற மாதிரிப் பிரிக்க வேண்டும். தெருவும் அன்பியமும் ஒன்றாகவே இருந்தால் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியிருக்கும். மூன்றாவது, தேர்ப்பாதை. தெரு அகலம் போதாது, மின்கம்பி தாழ்வு என்று காரணம் வரும். பல இடங்களில் உண்மையாகவே போதாது. அப்படியானால் பெரிய தேர் எந்தத் தெருவுக்கும் போகாமல் கோயில் வளாகத்தைச் சுற்றி வரட்டும். சுரூபத்தைத் தோளில் சுமக்கும் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகட்டும்.

கல்லறை கடைசி, கடினம். இருக்கிற குழிகளை யாரும் மாற்ற முடியாது. இனி வருகிற அடக்கங்களை இடப்பதிவேட்டின் வரிசை எண்படி மட்டும் செய்வது என்று ஒரு தேதி குறிக்கலாம். குடும்பக் கல்லறை பாத்தியதை என்று முன்பே பணம் கட்டியவர்கள் எதிர்ப்பார்கள். அந்த ரசீதுகளை மதித்து, புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை என்று நிறுத்துங்கள். காலப்போக்கில் எல்லை அழியும். சுவர் இருந்தால் அதில் வாசல் வைப்பது சமரசம் என்பார்கள். வாசல் வைத்த சுவரும் சுவர்தான்.

கேள்வி: சி.எஸ்.ஐ. ஆராதனையில் சமாதானம் சொல்லும்போது இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கும்பிடுகிறோம். எது பழையது? – திண்டுக்கல் வாசகி

பதில்: இந்த இரண்டு சபைக்கும் இவை புதியவைதான். ஆதிச்சபையில் இருந்தது முத்தம். ஜஸ்டின் குறிப்பிடுவது அதைத்தான்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் என்று வேறு வேறு வழிபாட்டு முறைக்காரர்கள் ஒன்றானபோது எல்லோருக்கும் பொதுவாக ஒரு திருவிருந்து முறை தேவைப்பட்டது, 1950இல் வந்தது. கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தை ஒட்டிக் கைச் சமாதானத்தை அதில் சேர்த்தார்கள். முறை இது: கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார், பிறகு இருவரும் தங்கள் இடது கையால் மற்றவருடைய வலது கையை மூடிக்கொள்வார்கள். பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாகக் கடந்து வரும். இன்று பல இடங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிக் கைகுலுக்கி முடித்துவிடுகிறார்கள். நேரம் மிச்சம், ஆனால் ஒருவர் கையிலிருந்து வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது போய்விட்டது. ஓர ஆசனத்தில் தனியாக இருப்பவரை யாரும் தொடாமலே விட்டுவிடவும் முடிகிறது.

கத்தோலிக்கருக்குக் கும்பிடு வந்தது 1969இல். இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி அந்த ஏப்ரலில் உரோமை (வத்திக்கான்) 12 மாற்றங்களுக்கு இசைவு தந்தது. காலணி கழற்றுவது, தரையில் உட்காருவது, ஆரத்தி, எண்ணெய் விளக்கு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. கும்பிடும்போது முன்வரிசையின் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நிமிர்வது வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள், அது போதும்.

கேள்வி: எங்கள் குழந்தைக்குத் திருமுழுக்கு. நாங்கள் கத்தோலிக்கர். என் கணவரின் நெருங்கிய நண்பர் சி.எஸ்.ஐ.; அவரை ஞானத்தகப்பனாக வைக்கலாமா? – கோயம்புத்தூர் வாசகி

பதில்: ஞானத்தகப்பனாக வைக்க முடியாது, சாட்சியாக நிற்கலாம். கத்தோலிக்கரான ஒரு ஞானப்பெற்றோர் கூட இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை (திருச்சபைச் சட்டம் 874). அந்த ஒருவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். புதுநன்மையும் (முதல் நற்கருணை) உறுதிபூசுதலும் பெற்றிருக்க வேண்டும். பெற்ற தாயோ தகப்பனோ ஆகக்கூடாது. ஒருவர் போதும், இருவரானால் ஒரு ஆண், ஒரு பெண். ‘ரெண்டு அத்தை, ரெண்டு சித்தி’ என்று நான்கு பேரைக் கொண்டுவந்து பங்குக்குருவைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

பிழை வருகிற இடம் பதிவேடு. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர், ஞானப்பெற்றோர் எல்லாம் அதில் ஏறும். பின்னால் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பக்க ஓரத்தில் குறிக்கப்படும். இருபத்தைந்து வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதப் போகும்போது, ஆதாரில் ஒரு பெயர், திருமுழுக்குச் சான்றில் இன்னொரு பெயர் என்று அலைகிறவர்கள் ஏராளம். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்; வாயால் சொல்லாதீர்கள். எந்தப் பங்கில் திருமுழுக்கு நடந்தது என்பதையும் வீட்டில் எழுதிவையுங்கள். ஊர் மாறிய குடும்பங்களில் அது மறந்துபோகிறது.

தண்ணீர் ஊற்றும்போது தலையில் ஓட வேண்டும், ஈரம் தொட்டுத் தடவினால் போதாது. குளிரும் என்று பாட்டிமார் துண்டை முன்கூட்டியே நெற்றியில் போர்த்திவிடுவார்கள், துண்டு பிறகு. வீடியோக்காரரைத் தொட்டியின் எதிர்ப்பக்கத்தில் ஒரே இடத்தில் நிற்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘ஆம், நம்புகிறேன்’ என்று பதில் சொல்ல வேண்டிய சபை அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. கல்யாணப் பூசையில் இருவரும் சேர்ந்து நற்கருணை வாங்க ஆசைப்படுகிறார்கள். – தூத்துக்குடி, பெண்ணின் தகப்பனார்

பதில்: கத்தோலிக்கக் கோயிலில் அது வழக்கமாகக் கிடைக்காது. மாப்பிள்ளையின் ஞானஸ்நானம் முழுமையாக ஏற்கப்படும். அதனால் இது ஞானஸ்நானம் பெற்ற இருவரின் திருமணம், மறைமாவட்ட அனுமதியோடு நடக்கும். நற்கருணையைப் பொறுத்தவரை சட்டம் 844 கதவை மிகக் குறுகலாகவே திறந்து வைத்திருக்கிறது. சி.எஸ்.ஐ. பக்கம் மற்றச் சபையில் திருவிருந்து வாங்குகிறவர்களையும் அழைப்பது உண்டு. ஆனால் அங்கே போய் உங்கள் மகள் வாங்குவதைக் கத்தோலிக்கச் சட்டம் ஏற்பதில்லை.

எங்கள் யோசனை: திருப்பலி இல்லாமல், வாசகம், பிரசங்கம், சம்மதம், தாலி, மோதிரம், ஆசீர் என்று திருமண முறையை மட்டும் வையுங்கள். அதற்கென்றே சடங்கு முறை இருக்கிறது. அது குறைச்சல் கல்யாணம் கிடையாது. திருப்பலி வைத்தால் நற்கருணை நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் முழுக்க உட்கார்ந்திருக்க, பெண் வீட்டார் வரிசையில் போக, சம்பந்தம் கலந்த முதல் நாளே நடுவில் கோடு விழும். மாப்பிள்ளையின் குருவானவரை (சி.எஸ்.ஐ.யில் ‘ஐயர்’ என்பார்கள்) வேதபாடம் வாசிக்கவும் ஜெபம் சொல்லவும் அழைக்கலாம். சம்மதத்தைக் கேட்டுப் பெறுவது மட்டும் ஒரே குருவானவர். ஓலை இரண்டு கோயிலிலும் வாசிக்கட்டும். தெரிந்த தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பதற்குத்தான் அது.

கேள்வி: அம்மாவுக்கு 84. கோயிலுக்குப் போக முடியவில்லை, டி.வி.யில் பூசை பார்க்கிறார். அது போதாதா? சாமியாரைக் கூப்பிட்டால் ‘கடைசி எண்ணெய்’ என்று பயப்படுகிறார். – சென்னை வாசகர்

பதில்: பார்ப்பது நல்லதுதான். ஆனால் அப்பம் திரை வழியாக வராது, வீட்டுக்கு வரும். பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளர் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறார்கள். இதற்குப் பொதுநிலையினரான நற்கருணைப் பணியாளரே வரலாம். சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசுவின் சிலுவைச் சுரூபம்), மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தால் போதும். ஒரு மணி நேர உபவாசம் நோயாளிகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்கிறவர்களையும் கட்டுப்படுத்தாது, மாத்திரையை நிறுத்திவைக்காதீர்கள். விழுங்கச் சிரமமானால் அப்பத்தில் ஒரு துணுக்கு போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள்!

நோயில்பூசுதல் சாவுக்கான சடங்கு இல்லை. முதுமைத் தளர்ச்சிக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் பெறலாம், நிலைமை மோசமானால் மறுபடியும் பெறலாம். இதற்குக் குருவானவர்தான் வர வேண்டும். அம்மாவின் பயம் போக ஒரு வழி: நோயாளர் தினமான பிப்ரவரி 11ஐ ஒட்டிக் கோயிலில் பொதுவாக எண்ணெய் பூசுகிற திருப்பலி இருந்தால் காரில் கூட்டிப்போங்கள். பக்கத்தில் முப்பது பேர் பூசிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் பார்ப்பார்.

கேள்வி: பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் உட்காரலாமா? – வேலூர்

பதில்: கத்தோலிக்கக் கோயிலில் 2016 ஜனவரி ஆணைப்படி உட்காரலாம். ஆண், பெண், இளையவர், முதியவர், நோயாளி என்று கலந்து எடுக்கத்தான் ஆணை சொல்கிறது. முன்வரிசைப் பிரமுகர்கள் பன்னிரண்டு பேரை வருடாவருடம் உட்கார வைப்பது அந்த ஆணைக்கு நேர் எதிர். வெதுவெதுப்பான தண்ணீர், ஆளுக்கொரு துண்டு, வழுக்காத பாய்.

கேள்வி: கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் நற்கருணை வாங்குவது எப்படி? – பெங்களூர் வாசகி

பதில்: குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) முற்றிலும் இல்லாத அப்பம் கத்தோலிக்க முறையில் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ள அப்பம் செல்லும். 2017இல் உரோமை இதை மறுபடி உறுதிப்படுத்தியது. அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம், அது குறைந்த நற்கருணை ஆகாது. குருவானவர் தன் கிண்ணத்தில் அப்பத்துணுக்கு ஒன்றைப் போடுவார் என்பதால் உங்களுக்குத் தனிக் கிண்ணம் வேண்டும். திருப்பலிக்கு முன்பே சாக்கிறீஸ்தில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சாம்பல் புதனுக்கு (தவக்காலத் தொடக்கத்தில் நெற்றியில் சாம்பல் பூசும் நாள்) நாங்களே சாம்பல் தயாரிக்கிறோம். போன வருடம் சிலருக்கு நெற்றி எரிந்து சிவந்துவிட்டது. ஏன்? – கும்பகோணம், பீடச்சிறுவர் குழுப் பொறுப்பாளர்

பதில்: தண்ணீர் கலந்திருப்பீர்கள். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரத்தன்மை வரும், தோலை அரிக்கும். முந்தைய நாள் இரவே குழைத்து வைத்தால் இன்னும் கடுமை. வேறு சாம்பலும் கலந்திருக்கலாம்: ஓலை போதவில்லை என்று அடுப்புச் சாம்பலைச் சேர்ப்பது நடக்கிறது.

தவக்காலத்துக்கு இரண்டு ஞாயிறு முன்பே, வீட்டுச் சுரூபத்தில் செருகியிருக்கும் போன வருடக் குருத்தோலையைக் கொண்டுவரச் சொல்லி அறிவியுங்கள். எல்லா வீட்டு ஓலையும் ஒன்றாக எரிந்துதான் எல்லோர் நெற்றிக்கும் வர வேண்டும். கடையில் வாங்கிய பொட்டலத்தில் அது கிடையாது. நன்றாகக் காய்ந்த ஓலையை இரும்புச் சட்டியில் எரியுங்கள். நூல், பிளாஸ்டிக் பூ, ரிப்பன் எல்லாவற்றையும் முதலில் பிய்த்துவிடுங்கள். ஆறியதும் கையால் நொறுக்கி, மாவுச் சல்லடையில் இரண்டு தரம் சலியுங்கள். உலர்ந்தபடியே பூசலாம். ஒட்டவில்லையென்றால் ஒரு கிண்ணச் சாம்பலுக்குத் தேங்காயெண்ணெய் நாலைந்து சொட்டு. அதற்குமேல் போனால் வழிந்து கண்ணில் இறங்கும். மிஞ்சியதை மூடி போட்ட புட்டியில் ஈரம் படாமல் வைத்தால் அடுத்த வருடமும் ஆகும்.